ஏரி ஒன்று, ஊராட்சி இரண்டு

கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உள்ளாட்சி எல்லைத் தகராறுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இதழில் பதில் சொன்னால் சொன்னதையே சொல்ல வேண்டியிருக்கும், அதனால் சேர்த்தே போட்டுவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், ஆகவே யாருடைய பெயரும் இல்லை.

எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் பக்கத்து ஊராட்சி எல்லையில் ஓடுகிறது. முழுக்கச் சீமைக்கருவேலம், நடுவில் ஆக்கிரமிப்பு வேறு. அந்த ஊர்த் தலைவரிடம் கேட்டால், “உங்க ஏரிக்கு நாங்க ஏன் செலவு பண்ணணும்?” என்கிறார். யாரிடம் போவது?
வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளங்கள் இருக்கின்றன. பொதுவாக 40 ஹெக்டேருக்கு, அதாவது நூறு ஏக்கருக்கு, மேல் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம், இருந்தால் நீர்வளத்துறை ஏரி, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றிய ஏரி. ஊர்க்காரர்கள் ‘எங்க ஏரி’ என்று சொன்னாலும், தாளில் அது பெரும்பாலும் ஊராட்சியின் ஏரி கிடையாது. பொதுப்பணித்துறை ஏரி என்று பெரியவர்கள் சொல்வது இந்த நீர்வளத்துறை ஏரியைத்தான், பெயர் மாறிவிட்டது. ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த்துறை, தாசில்தார், சர்வேயர், அளவீடு, அது ஒரு தனிப் பாதை. அதற்குப் பக்கத்து ஊர்த் தலைவரைப் போய்ப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அவர் நினைத்தாலும் முடியாது.

அப்புறம் அந்தத் தலைவரைத் திட்டாதீர்கள். அவர் கேட்டது முரட்டுத்தனமாக இருக்கலாம், ஆனால் நியாயமான கேள்விதான். அவர் ஊர்ப் பணத்தை உங்கள் ஏரிக்குச் செலவு செய்தால் அடுத்த கிராம சபையில் அவரைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்கள், நீங்கள் போய் அவருக்காக ஓட்டுப் போடப் போவதில்லை. அதனால் ‘எங்கள் ஏரிக்கு’ என்று ஆரம்பிக்காமல், அந்த வாய்க்கால் அடைந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் அவர்கள் ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கொல்லை மூழ்குகிறது என்று பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். அடைத்த வாய்க்காலில் வர வேண்டிய தண்ணீர் வராமலே போய்விடாது, வேறு எங்கேயாவது ஏறியிருக்கும். தூர் வாரும் வண்டல் அவர்கள் ஊர் விவசாயிகளுக்கு என்றும் பேசலாம், அனுமதி வாங்கி எடுக்க அரசே வழி செய்திருக்கிறது.

1994 ஊராட்சிகள் சட்டத்திலேயே, இரண்டு உள்ளாட்சிகளுக்குப் பொதுவான வேலைக்குக் கூட்டுக் குழு அமைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒரே ஒன்றியம் என்றால் ஒன்றியக் குழுவிலேயே பேசி முடிக்கலாம். ஒன்றியமே வேறு என்றால் மாவட்ட அளவுக்குப் போக வேண்டும், அங்கேதான் அடுத்த கேள்வி வருகிறது.

மாவட்டத் திட்டக்குழு என்று ஒன்று இருப்பதாகப் போட்டித் தேர்வுக்குப் படித்தேன். நிஜத்தில் அது என்ன செய்கிறது? எங்கள் ஊரில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.
வாசகி, தென்காசி

தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பது அரசியல் சட்டத்தின் 243 இசட்-டி பிரிவு, 74-வது திருத்தத்தில் வந்தது, 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊராட்சிகள் ஒரு பக்கம் திட்டம் போடும், நகராட்சிகள் ஒரு பக்கம் திட்டம் போடும், இரண்டையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே வரைவுத் திட்டமாக ஆக்க ஒரு குழு வேண்டும் என்பது அதன் சாரம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்: நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது, தண்ணீரையும் மற்ற இயற்கை வளங்களையும் எப்படிப் பங்கிடுவது, சாலை, வடிகால் போன்றவற்றை எப்படிச் சேர்த்து அமைப்பது, சுற்றுச்சூழலை எப்படிக் காப்பது. திருவண்ணாமலைக்காரரின் வாய்க்கால் அப்படியே இதற்குள் வந்துவிடுகிறது பாருங்கள்.

உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்காவது மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்களாக இருக்க வேண்டும். மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் நகர்ப்புறக் கவுன்சிலர்களும், மாவட்டத்தில் கிராமத்து மக்கள்தொகையும் நகரத்து மக்கள்தொகையும் எந்த விகிதமோ அந்த விகிதத்தில், தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். நம் மாநிலத்தில் மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் இதற்கும் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். 2023 ஜூனில் மாவட்டந்தோறும் தேர்தல்கூட நடந்தது, கவுன்சிலர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள், மறுநாள் பேப்பரில் வந்தது. அதற்குப் பிறகு இந்தக் குழு என்ன முடிவெடுத்தது என்று கேட்டால் உங்கள் ஊர்க்காரர்களைப் போலத்தான் பல ஊர்க்காரர்களும் விழிப்பார்கள். போதாததற்கு, 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக் காலம் முடிந்து, தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்கும் அரசு அதிகாரிகளான தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். கிராமத்துத் தரப்பு உறுப்பினர்களே இல்லாமல் ஊரும் நகரமும் சேர்ந்து திட்டம் போடுவது எப்படி?

ஆனால் தேர்தல் நடந்தாலும் இது பெரிதாக மாறிவிடாது என்பது என் கருத்து. காரணம் பணம். மாவட்டத் திட்டக்குழு ஒரு வரைவைப் போடலாம், ஆனால் சாலைக்கான பணம் நெடுஞ்சாலைத்துறையில், ஏரிக்கான பணம் நீர்வளத்துறையில், குடிநீருக்கான பணம் வாரியத்தில். குழு சரி என்றாலும் வேலை நடக்காது, வேண்டாம் என்றாலும் வேலை நிற்காது. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு யார் அக்கறையாக வருவார்கள், டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள்.

கேரளத்தைப் பாருங்கள், அதே பிரிவுதான், அதே அரசியல் சட்டம்தான். 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்தபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவெடுத்தார்கள். பின்னாளில் விகிதம் ஏறி இறங்கியது, அது வேறு கதை. முக்கியமான விஷயம், பஞ்சாயத்து போடுகிற ஆண்டுத் திட்டம் மாவட்டத் திட்டக்குழுவின் ஒப்புதல் வாங்கினால்தான் நகரும். அங்கே கலெக்டர் குழுவின் உறுப்பினர் செயலர், அதாவது கூட்டத்தை நடத்திக் கொடுக்கும் வேலை. இரண்டு மூன்று பஞ்சாயத்துகள் பணம் போட்டுச் சேர்ந்து செய்யும் திட்டங்களும் அதே வழியாகத்தான் ஒப்புதலுக்குப் போகின்றன. அங்கே எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை, தாமதம், அரசியல், கோப்பு அலைச்சல் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் போகாவிட்டால் நஷ்டம் என்ற நிலை இருப்பதால் தலைவர்கள் போகிறார்கள்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள் ஒரே குழாயில் தண்ணீர் வாங்குகின்றனவே, அது ஒத்துழைப்பு இல்லையா?
வாசகர், கிருஷ்ணகிரி

ஒரே குழாயில் வாங்குகிறார்கள், உண்மை. ஆனால் ஊர்கள் ஒன்றோடொன்று பேசியா வாங்குகின்றன? உங்கள் ஒகேனக்கல் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், குழந்தைகளுக்குப் பல் கறைபட்டது, பெரியவர்களுக்கு எலும்பு பாதித்தது. எந்தத் தனி ஊராட்சியும் ஆழ்துளைக் கிணறு போட்டு இதைத் தீர்க்க முடியாது, எத்தனை போட்டாலும் அதே தண்ணீர்தான். ஜப்பானிய நிதி உதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். 2013-ல் திறந்தார்கள். நல்ல திட்டம், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதைத் திட்டமிட்டதும் கட்டியதும் 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். வாரியம் மொத்தமாகத் தண்ணீர் கொடுக்கும், உள்ளாட்சி வாங்கித் தெருவுக்கு விட்டுவிட்டு, கிலோலிட்டருக்கு இவ்வளவு என்று வாரியத்துக்குக் கட்ட வேண்டும். பல ஊர்கள் கட்டுவதில்லை, பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஊருக்கும் உறவு மேலே இருக்கும் வாரியத்தோடு மட்டும்தான், பக்கத்து ஊரோடு ஒன்றும் கிடையாது. அதனால்தான் கூட்டுத் திட்டங்களில் குழாயின் கடைசியில் இருக்கும் ஊருக்குத் தண்ணீர் குறைந்தால், முன்னால் இருக்கும் ஊரோடு உட்கார்ந்து பேசாமல் காலிக் குடத்தோடு சாலை மறியலுக்குப் போகிறார்கள். பேசுவதற்கு ஓர் இடமே இல்லை என்றால் சாலைதான் இடம்.

எங்கள் பக்கத்து ஊராட்சியில் கம்பெனிகள் வந்துவிட்டன. வரி எல்லாம் அவர்களுக்கு. லாரி, தூசி, வாடகை ஏற்றம், குப்பை எங்களுக்கு. இது என்ன நியாயம்?
வாசகி, ஸ்ரீபெரும்புதூர் அருகே

நியாயமே இல்லை. தொழிற்சாலைக் கட்டடம் எந்த எல்லைக்குள் நிற்கிறதோ அந்த உள்ளாட்சிக்குத்தான் வீட்டு வரியும் தொழில் வரியும் போகும், அங்கே வேலை பார்க்கிறவர்கள் தங்குகிற ஊருக்குச் செலவு மட்டும் வரும்.

இதற்கு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் ஒரு வழி கண்டுபிடித்தது, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்று இரட்டை நகரங்கள், சுற்றிலும் ஏழு கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), அதற்குள் ஏகப்பட்ட சிறு நகராட்சிகள். ஒவ்வொன்றும் கடைகளையும் கம்பெனிகளையும் தன் பக்கம் இழுக்கப் பார்த்தது. 1971-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: அந்த ஆண்டுக்குப் பிறகு வணிக, தொழில் சொத்துகளின் வரி மதிப்பு எந்த ஊரில் எவ்வளவு வளர்ந்தாலும், வளர்ச்சியில் 40 சதவீதம் ஒரு பொதுத் தொகுப்புக்குப் போகும். தொகுப்பிலிருந்து ஏழு கவுன்டிக்குள் இருக்கும் ஊர்களுக்கு மக்கள்தொகையையும் சொத்து மதிப்பையும் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள், இல்லாத ஊருக்குக் கொஞ்சம் கூடவே. பழைய வரியில் யாரும் கை வைக்கவில்லை, இனி வளர்வதில் மட்டும்தான் பங்கு. அந்தச் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள், இருப்பதைப் பிடுங்கினால் எந்த ஊர் ஒத்துக்கொள்ளும்? கொடுக்கிற ஊர்கள் வழக்குப் போட்டன, முணுமுணுத்தன, இருந்தாலும் அரை நூற்றாண்டு தாண்டியும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இதைச் செய்ய முடியாதா என்று கேட்டால், சட்டமன்றம் நினைத்தால் முடியும். நினைக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஊராட்சிகளை எல்லாம் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் இந்த எல்லைப் பிரச்னையே இருக்காதே?
வாசகர், மதுரை

எல்லை இருக்காது, பிரச்னை இருக்கும். 2011-ல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக வளர்ந்தது. சேர்ந்து பல வருடம் ஆன பிறகும் பாதாளச் சாக்கடை வராத பகுதிகள் புறநகரில் இருந்தன, போய்க் கேட்டால் தெரியும். 2025 தொடக்கத்தில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்ப்பதாக அறிவிப்பு வந்ததும் ஊர் ஊராகக் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும், குப்பை மட்டும் நம் ஊருக்கு வரும் என்ற பயம். வெள்ளலூர்க்காரர்களைக் கேளுங்கள், கோவை நகரத்துக் குப்பையோடு எத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

நகரம் நிஜமாகவே வளர்ந்து ஊரை மூடிவிட்ட இடத்தில் சேர்ப்பது சரிதான், தாம்பரம், பல்லாவரம் எல்லாம் அப்படித்தான் ஒன்றாயின. ஆனால் சேர்ப்பது வேறு, சேர்ந்து வேலை செய்வது வேறு. எவ்வளவு பெரிதாக்கினாலும் அதற்கு அடுத்த ஊர் என்று ஒன்று இருக்கத்தானே செய்யும், அந்த ஊருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடத்தானே செய்யும்.

டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) போடும் மாஸ்டர் பிளானும் மாவட்டத் திட்டமும் ஒன்றா?
வாசகர், கோவை

இல்லை. மாஸ்டர் பிளான் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி எந்த நிலத்தில் வீடு, எதில் ஆலை, எதில் விவசாயம் என்று சொல்வது. உங்கள் ஊருக்கு 1994-ல் போட்டார்கள், அடுத்த வரைவு 2024-ல் வந்தது. நடுவில் முப்பது வருடம். அதற்குள் மனைகள் தாமாகவே திட்டம் போட்டுக்கொண்டன.

நான் முன்னாள் ஊராட்சித் தலைவர். இப்போது பதவி இல்லை. இருந்தாலும் பக்கத்து மூன்று ஊர்களோடு சேர்ந்து குப்பைக்கு ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதவி இல்லாதது ஒரு வகையில் நல்லது, மற்ற மூன்று ஊரிலும் உங்களைப் போட்டியாளராகப் பார்க்க மாட்டார்கள். நாலு ஊரிலும் ஒரே கிராம சபை நாளில், ஒரே வாசகத்தில் தீர்மானம் போட வையுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை இருப்பதால் ரொம்பக் காத்திருக்க வேண்டாம். வாசகம் ஒன்றாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் யூனியன் ஆபீஸில் நாலு தனிக் கோரிக்கை என்று நாலு கோப்பில் போட்டுவிடுவார்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் நாலு ஊரும் அதே வேலையை அதே பெயரில், யார் எவ்வளவு போடுகிறார்கள் என்ற பங்கோடு எழுத வேண்டும்.

கிடங்கு எந்த ஊரில் என்பதை மட்டும் முதல் கூட்டத்தில் பேசாதீர்கள், அதோடு கூட்டம் முடிந்துவிடும். முதலில் வண்டியைப் பேசுங்கள். நாலு ஊருக்கும் ஒரு டிராக்டர், டீசலும் டிரைவர் சம்பளமும் வீட்டு எண்ணிக்கைப்படி, எந்தக் கிழமை எந்த ஊர் என்று. அது ஆறு மாதம் தகராறு இல்லாமல் ஓடினால் மக்கும் குப்பையை அந்தந்த ஊரிலேயே உரமாக்கிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் இடம் தேடுங்கள். இடம் கொடுக்கிற ஊருக்கு வண்டிச் செலவு கிடையாது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். தீர்மான நகலில் தனி அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரு பிரதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், அதிகாரி மாறினால் கோப்பு காணாமல் போகும்.