குற்றம் செய்தவரின் சொத்தை நீதிமன்றம் பறிமுதல் செய்யும்போது அவருக்கு நியாயம் பார்க்க வேண்டுமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டுக்கும் சொத்து முடக்க நோட்டீஸ் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

பார்க்கத்தான் வேண்டும். என் அப்பா அரசு ஊழியர். 2006-ல் அவர் மேல் வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கு வந்தது. அவர் லஞ்சம் வாங்கினார், அதை மறைக்கவில்லை. புறநகரில் இருந்த இரண்டு மனைகளும் அந்தப் பணத்தில் வந்தவை. அவற்றை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது சரி. "லஞ்சக்காரன் பிள்ளை நியாயம் பேசுகிறான்" என்று எழுத வருகிறவர்கள் இந்தப் பத்தியை ஒரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.

இந்த வழக்குகளில் எல்லாம் கணக்குதான். செக் பீரியட் என்று ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு ஏ முதல் ஜி வரை ஏழு பட்டியல் போடுவார்கள். தொடக்கத்தில் இருந்த சொத்து முதல் பட்டியல், கணக்கில் வராத சொத்து கடைசிப் பட்டியல். முதல் பட்டியலில் ஒரு பொருள் விட்டுப்போனால் அது கடைசிப் பட்டியலில் லஞ்சப் பணமாக வந்து உட்கார்ந்துவிடும்.

அம்மாவின் நகைக்கு அதுதான் நடந்தது. 1984-ல் தாத்தா போட்டு அனுப்பிய 28 பவுன். பில் கேட்டார்கள். ஊர்ப் பத்தர் செய்து கொடுத்த நகைக்கு பில் ஏது? சோதனை நடந்த அன்று ஹாலில் தராசு வைத்து எடை போட்டார்கள். அம்மா யாரும் கேட்காமலே காதில் கிடந்த தோட்டையும் கழற்றி வைத்தார். வீட்டுச் செலவை மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று அவர்களே போட்டுக்கொண்டார்கள். ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்தியவர் அம்மா. செலவைக் கூட்டிக் காட்டினால் மிச்சம் குறையும், குற்றம் பெரிதாகும்.

எங்களைக் காப்பாற்றியது மாமா பரணிலிருந்து தேடி எடுத்த கல்யாண மொய் நோட்டு. அதன் கடைசிப் பக்கங்களில் தாத்தா சீர் விவரத்தை ஒவ்வொரு நகையாக எழுதி வைத்திருந்தார். மாமா கூண்டேறிச் சாட்சி சொன்னார். நீதிபதி 22 பவுனை ஏற்றுக்கொண்டார். ஆனால் தீர்ப்பு வர 11 வருஷம் ஆனது.

முடக்கம் எல்லாம் 1944-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த அவசரச் சட்டப்படி. அது இன்றும் அமலில் இருக்கிறது. சொத்தில் உரிமை உள்ள மற்றவர்கள் ஆட்சேபணை சொல்ல அதிலேயே வழி உண்டு. உங்கள் வீட்டுப் பெண்களின் நகை, பாட்டன் நிலம் ஏதாவது இருந்தால் முதல் வாய்தாவிலேயே மனு போடுங்கள். நாங்கள் தாமதித்தோம்.

கணக்கு இரண்டு பக்கமும் தவறும். ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கில் 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் வருமானத்தில் சேர்த்த கடன்களைக் கூட்டியதில் பிழை இருந்தது. சொத்து வருமானத்தைவிட 8.12 சதவீதம்தான் அதிகம், பொறுத்துக்கொள்ளக்கூடிய 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று விடுதலை கொடுத்தார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. அதனால்தான் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கச் சொல்கிறேன். அப்பாவை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் சிறைக்குப் போய் வந்தார்.

மொய் நோட்டு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2010-ல் அக்கா கல்யாணம். 25 வருஷம் அம்மா விடாமல் மொய் வைத்த வீடுகளில் பாதிப் பேர் வரவில்லை. அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு முதல் நாளே போய்க் காய் நறுக்கியவர் அவர். ஒருவர் மட்டும் மண்டப வாசல் வரை வந்து, வேறு யாரிடமோ கவரைக் கொடுத்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிவிட்டார். அந்தக் கவரை அம்மா இன்னும் பிரிக்கவில்லை.