கடைசித் தேர்வுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே

கேள்வி: என் தங்கை பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. படிப்பு முடிந்ததும் வேலைக்கும் அதற்குப் பிறகான வாழ்க்கைக்கும் அவளை எப்படித் தயார் செய்வது?

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். வேலைவாய்ப்புப் பிரிவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். இதே கேள்வியைப் பெற்றோர்களும் அண்ணன்களும் ஒவ்வொரு ஆண்டும் என்னிடம் கேட்கிறார்கள். நேர்காணலில் எப்படிப் பேசுவது, ரெஸ்யூமே எப்படி எழுதுவது என்பதற்கெல்லாம் யூடியூபில் வேண்டிய அளவு கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். ஏப்ரலில் கடைசித் தேர்வை எழுதிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அங்கிருந்து முதல் சம்பளம் கையில் வரும் வரை சில மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் வைத்திருந்தவர்கள், சுமாரான மதிப்பெண் எடுத்திருந்தாலும், எப்படியோ கரையேறிவிடுகிறார்கள். திட்டம் இல்லாத நல்ல மாணவர்கள் பலர் வீட்டிலேயே தங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்பதிலேயே ஜூன் போய்விடும். அப்புறம் ஆடி முடியட்டும் என்பார்கள். ஆவணி பிறந்ததும் யாராவது ஜாதகத்தைக் கேட்டு வருவார்கள். "பொண்ணு வீட்டுலதான இருக்கு" என்ற ஒரே காரணத்தால் பேச்சு முடிவாகிவிடும். அவள் விருப்பப்படி எப்போது கல்யாணம் நடந்தாலும் நல்லதுதான். சும்மா இருப்பதே காரணமாகிவிடக் கூடாது. அதனால் அண்ணனாக நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ஏப்ரலுக்கு முன்பே அம்மா அப்பாவிடம் பேசுவது. "இவள் ரெண்டு வருஷம் வேலை பார்க்கட்டும், வெளியூர் போக வேண்டியிருந்தால் நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவு மாறுகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அவளே சொல்வதைவிட நீங்கள் சொன்னால் சீக்கிரம் எடுபடும் என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் இன்றைய நிலை அதுதான்.

அடுத்தது, பெயர். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் 'கவிதா மு.' என்று இருக்கும். ஆதாரில் 'கவிதா' மட்டும் இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து 'கவிதா முருகன்' என்று வந்திருக்கும். வங்கிக் கணக்கில் நான்காவதாக ஒரு வடிவம். வேலைக்கு எடுத்த நிறுவனம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போதும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கும்போதும் இது வந்து நிற்கும். இப்போதே எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயரின் எழுத்துக்கூட்டு மூன்றையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையே அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது நல்லது. ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். ஆகவே யோசித்து ஒரே தடவையில் சரியாகச் செய்ய வேண்டும்.

காகிதம் பற்றிய பேச்சோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு இது தெரியாமலே போகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010இல் வந்த சட்டம். 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப் படிப்பு மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும், பிறகு கல்லூரியிலும் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் தங்கை பி.காம். வரை தமிழ் வழி என்றால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே இதையும் வாங்கிவிடட்டும். தேர்வில் தேறிய பிறகு, சான்றிதழ் சரிபார்ப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது தொடக்கப் பள்ளியைத் தேடி ஓடும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பட்டத்தைப் பதிந்து வைக்கட்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காமல்.

சரி, வேலைக்கு வருவோம். நேர்காணலைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். தான் செய்த ஒரு வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் தடையில்லாமல் பேசத் தெரிய வேண்டும். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். பிராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களால் இது முடியாது. இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். என் மாணவி ஒருத்தி சிவகாசிக்காரி. காலண்டர் சீசனில் பக்கத்து அச்சகத்துக்குப் போய் ஆர்டர் புத்தகம் எழுதுவாள். அதை வேலை என்றே அவள் நினைக்கவில்லை, ரெஸ்யூமேயில் போடவும் இல்லை. எந்த ஊர் வியாபாரி எத்தனை கேட்டார், முன்பணம் எவ்வளவு, புரூஃப் போனதா, லாரி ஆபீசில் சரக்கு ஏறியதா, பாக்கி எவ்வளவு என்று எல்லாவற்றையும் மூன்று சீசன் பார்த்திருக்கிறாள். அதைத்தான் பேசு என்று சொல்லிப் பழக்கினோம். ஆங்கிலம் உடைந்துதான் வந்தது. ஆனாலும் எதிரே இருந்தவர் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போனார். கடன் வசூல் கணக்கைப் பார்க்கும் பிரிவில் அவளை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் தங்கையும் வீட்டில், கடையில், சுய உதவிக் குழுவில் ஏதாவது கணக்கு பார்த்திருப்பாள். கேட்டுப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கோ வரி ஆலோசகரிடமோ சனிக்கிழமைகளில் போகச் சொல்லுங்கள். காசு பெரிதாகத் தரமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரி கட்டும் படிவம் என்று அந்த இடம் பரபரக்கும்போது உள்ளே இருந்து பார்த்தவளுக்கு, நாங்கள் ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துவது இரண்டே மாதத்தில் பிடிபட்டுவிடும். டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும் என்று சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஏராளம். கொள்முதல் பில்லையும் ஜிஎஸ்டி தளத்தில் தெரியும் தொகையையும் ஒத்துப்பார்த்து, எங்கே வித்தியாசம் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எக்செல்லும் அப்படித்தான். கல்லூரியில் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஒரு பாடம் வந்திருக்கும். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. பலரும் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார்கள். அதில் தரும் பயிற்சியைத் தன் கையால் செய்து பார்த்தவர்களுக்கு அது உதவுகிறது.

நேரடி வேலை உடனே அமையாவிட்டால் அப்ரண்டிஸ் பயிற்சி ஒரு நல்ல பாலம். 'நாட்ஸ்' என்று அழைக்கப்படும் மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களும் பதியலாம். தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவெல்லாம் இணையத்திலேயே. பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி. பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019இல் விதி வகுத்தார்கள். முடிந்ததும் அரசுச் சான்றிதழ் கிடைக்கும். அதே இடத்தில் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, அதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். ஆனாலும் வீட்டில் சும்மா இருந்த ஓராண்டைவிட இந்த ஓராண்டு எல்லா வகையிலும் மேல்.

டி.என்.பி.எஸ்.சி. ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். அரசு வேலை ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும் என்பது நம் ஊரில் கண்ணால் கண்ட உண்மை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: எத்தனை ஆண்டு, எந்தத் தேர்வு, கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பதைத் தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். முதல் இரண்டாண்டு உற்சாகமாகப் போகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு அறிவிப்புக்கும் காத்திருந்தே வயது போய்விடும். பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு என்று நடத்தித் தேறியவர்கள் எங்கள் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். 2021 கடைசியில் வந்த அரசாணைப்படி தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைத்தாளையே பார்ப்பார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாக விடக் கூடாது.

இப்போது பணம். ஆண்டுக்கு 3 லட்சம் என்று ஆஃபர் லெட்டரில் வந்தால் வீட்டில் எல்லாரும் மாதம் 25,000 என்று கணக்குப் போட்டு, அதில் சீட்டு, நகைக்கடன் என்று பிரித்தும் விடுவார்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்று வையுங்கள். அதில் 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு. அதுவும் அந்த 25,000க்குள்தான் இருக்கும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்று ஒரு 600. அவள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. காப்பீடு, தொழில் வரி எல்லாம் போகக் கைக்கு வருவது 21,000 பக்கம். இதைச் சேருவதற்கு முன்பே அவளும் நீங்களும் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் முதல் மாதமே "எங்கே மீதி?" என்று வீட்டில் கேட்பார்கள், அவள் பாவம் அழுவாள்.

அதைவிட முக்கியம், முதல் சம்பளம் வருவதற்கு முந்தைய செலவு. சென்னையிலோ கோவையிலோ விடுதியில் சேர ஒன்றிரண்டு மாத அட்வான்ஸ் கேட்பார்கள். மாதக் கடைசியில் சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். ஆக நாற்பது, ஐம்பது நாள் கைக்காசில் ஓட்ட வேண்டும். இருபத்தைந்தாயிரமாவது ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணம் இல்லாமல் கிடைத்த வேலையையே விட்ட பிள்ளைகள் உண்டு. இதை எழுதும்போதும் மனசு கஷ்டப்படுகிறது. உங்கள் தங்கை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். இந்தக் கடைசி ஆண்டில் முடிந்தவரை அதைத் தொடாமல் விட்டாலே 12,000 சேர்ந்துவிடும், பாதித் தொகை அங்கேயே ஆயிற்று. தங்குவதற்கு அரசின் 'தோழி' விடுதிகளையும் பாருங்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி, சேலம், ஓசூர் என்று பல ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகவே நடக்கின்றன.

கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி நிற்காது. 4 லட்சம் கடனுக்கு 10 சதவீதம் என்றால் அந்த ஓராண்டில் மட்டும் 40,000 ஏறும். முடிந்தால் வட்டியையாவது கட்டிவரச் சொல்லுங்கள்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலைக்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை, சுற்றுலா விசாவில் வந்துவிடு என்று அழைத்தால் பேச்சையே முடித்துவிடுங்கள். மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் அப்படிப் போய், இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டவர்களில் நம் பட்டதாரிகளும் உண்டு.

வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதம்தான் பலர் திரும்பி வந்துவிடும் காலம். ஊர் புதிது, சாப்பாடு பிடிக்காது, மேலாளர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவார், அறையில் இருப்பவர்களோடு ஒத்துப்போகாது. இரவு போன் செய்து அழுதால், "பிடிக்கலைன்னா கிளம்பி வந்துடு" என்று அம்மா சொல்லிவிடுவார், பாசத்தில். அவளுக்குப் பாதுகாப்பில்லை, யாராவது தவறாக நடக்கிறார்கள் என்றால் அன்றிரவே போய் அழைத்து வாருங்கள், யோசிக்கவே வேண்டாம். வெறும் ஏக்கம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே பஸ் ஏறிப் போய், அவளோடு சாப்பிட்டுவிட்டு, ஆபீஸ் இருக்கும் தெருவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

தங்கை படிப்பது தமிழ் வழியா ஆங்கில வழியா, எந்த ஊர், அரியர் ஏதாவது இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். பக்கத்தில் எந்த நிறுவனங்கள் பி.காம். பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்கின்றன என்று விசாரித்துச் சொல்கிறேன்.