'2 பிளஸ்' என்றால் இரண்டாம் கட்டமா?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பில் கட்டி. ஊட்டியில் ஊசி மூலம் சதை எடுத்துக் கோவைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் 'ஹெர்-2: 2 பிளஸ்' என்றும், மோனோகுளோனல் ஆன்டிபாடி வைத்துப் பார்த்ததாகவும் இருக்கிறது. நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டதா? அக்காவுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா, டாக்டரம்மா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டும் இல்லை, தம்பி. கட்டியின் அளவு, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் கட்டத்தைச் சொல்வார்கள். ஆன்டிபாடி என்றால் நோய் எதிர்ப்புப் புரதம்; ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஆன்டிபாடி அக்கா உடம்பில் இருப்பதல்ல. லேபுக்குப் பாட்டிலில் வரும் பரிசோதனைப் பொருள்.

உங்கள் பக்கம் குளோனல் தேயிலை தெரியாதவர்கள் உண்டா? விதையில் முளைத்த செடி ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒரே தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டவை எல்லாம் ஒரே தினுசு. இந்த ஆன்டிபாடியும் ஒரே செல்லின் வம்சம் சுரப்பதுதான்; 'மோனோகுளோனல்' என்ற பெயர் அதனால்தான். அதனால் ஒரு புரதத்தின் ஒரே இடத்தைத் தேடிப்போய் ஒட்டும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள், ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல்லை ஓயாமல் பெருகும் புற்றுச்செல்லோடு இணைத்து இதைச் சாதித்தார்கள். 1984-ல் நோபல் பரிசு. புற்றுச்செல்லின் பெருக்கத்தையே புற்றை அறியப் பயன்படுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

சரி, ஹெர்-2. இந்த ஜீன் நம் எல்லோருக்கும் 17-ஆம் குரோமோசோமில் உண்டு. மார்பகப் புற்றில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேருக்கு அதன் பிரதிகள் பெருகி, அது உண்டாக்கும் ஹெர்-2 புரதம் செல்லின் மேற்பரப்பில் நெருக்கியடிக்கும். ஆன்டிபாடி ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவோம். செல்லைச் சுற்றி அடர்ந்த வளையம் தெரிந்தால் 3 பிளஸ். அக்காவுக்கு வளையம் இருக்கிறது, ஆனால் வெளிறியிருக்கிறது; அதுதான் 2 பிளஸ். பாதி பாசிட்டிவ் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றுதான் அர்த்தம். அடுத்து 'ஃபிஷ்' பரிசோதனை செய்து, ஜீனின் பிரதிகளையே எண்ணிப் பார்க்க வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள். ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்தும் இதே புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிதான்; அது அக்காவுக்குத் தேவையா என்பது இந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

பெரும்பாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. சதையைப் பதித்த மெழுகு பிளாக் கோவை லேபில் இருக்கும், அதிலேயே பார்க்கலாம். ஒன்று மட்டும் விசாரியுங்கள்: எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவத்தில்) போட்டார்களா? அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் இருந்ததா? மலையிலிருந்து இறங்கும் சாம்பிள் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். தாமதமாகியிருந்தால் சாயம் சரியாக ஏறாது. அப்படியென்றால் புதிதாகச் சதை எடுக்கலாமா என்று புற்றுநோய் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.