நெட் இருந்தால்தான் இன்ஸ்டால் ஆகும் மென்பொருள்களை நெட் இல்லாத கணினிக்காகச் சேமித்து வைக்க முடியுமா?

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இணைய இணைப்பு இல்லை. வீட்டில் டவுன்லோட் செய்து பென்டிரைவில் கொண்டுபோகும் செட்டப் கோப்புகள் பாதியில் 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று நின்றுவிடுகின்றன. ஒருமுறை இறக்கி, எப்போது வேண்டுமானாலும் நெட் இல்லாமலே இன்ஸ்டால் செய்யும்படி வைத்துக்கொள்ள வழி உண்டா?

பதில்:

உண்டு. கிட்டத்தட்ட எல்லா முக்கியமான மென்பொருளுக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது. எங்கள் பகுதியில் பள்ளி ஆய்வகங்கள், டிடிபி கடைகள் சிலவற்றின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் இது எனக்கு அன்றாட வேலை.

முதலில் பென்டிரைவில் இருக்கும் கோப்பின் அளவைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் தளத்தில் பெரிய பொத்தானை அழுத்தினால் வருவது ஒரு எம்பி கூட இருக்காது. பல மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவைப்படும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-க்கு இரண்டு கோப்புகள் உண்டு: வெப் இன்ஸ்டாலர் ஒன்றரை எம்பிக்குள், ஆஃப்லைன் இன்ஸ்டாலர் நூறு எம்பிக்கு மேல். அந்தச் சின்னக் கோப்பு செய்வதெல்லாம், நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு, உங்கள் விண்டோஸுக்கு ஏற்ற உண்மையான கோப்புகளை இறக்கி, அவற்றை ஓட்டுவது. அதைப் பத்திரப்படுத்தி ஒரு பயனும் இல்லை. சர்வர் இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

சர்வர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் விண்டோஸ் மூவி மேக்கர். பள்ளி ஆண்டு விழா வீடியோவை வெட்டி ஒட்ட ஒரு காலத்தில் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். அது விண்டோஸ் எசென்ஷியல்ஸ் 2012 தொகுப்பில் வந்தது. அந்தத் தொகுப்புக்கும் இரண்டு செட்டப் இருந்தன. ஒன்றின் பெயர் 'வெப்' என்று முடியும், மற்றொன்று 'ஆல்' என்று முடியும். 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டு பதிவிறக்கத்தையும் எடுத்துவிட்டது. 'ஆல்' கோப்பை வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் இன்ஸ்டால் செய்துகொண்டார்கள். 'வெப்' வைத்திருந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்திலிருந்து, ஒரே நாளில் இறக்கியிருந்தாலும் நிலைமை இதுதான்.

இது ஒரு முறை நடந்து முடிந்த கதையும் இல்லை. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் டவுன்லோட் சென்டரிலிருந்து எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் டிஜிட்டல் கையொப்பமிட்ட கோப்புகளை நீக்கியபோது பல பழைய கோப்புகள் போயின. விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்த குரோம் 109 (2023 ஜனவரி). கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). கடைசி பைதான் 3.8. மோசில்லாவும் பைதான் அமைப்பும் பழைய பதிப்புகள் எல்லாவற்றையும் தங்கள் தளத்தில் வரிசையாக வைத்திருக்கின்றன. இதற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். கூகுள் பழைய குரோம் செட்டப்களை அப்படி வைத்துத் தருவதில்லை. ஆகவே எது எப்போது கைக்குக் கிடைக்காமல் போகும் என்பது அந்தந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, நிறுவனமே தரும் முழுக் கோப்பைத் தேடி எடுப்பது. பெரும்பாலும் அது இருக்கும், ஆனால் பெரிய பொத்தானுக்குப் பின்னால் இருக்காது. ஃபயர்ஃபாக்ஸில் எல்லா மொழிகளும் எல்லா இயங்குதளங்களும் பட்டியலிடப்பட்ட பக்கத்துக்குப் போனால் முழு செட்டப் கிடைக்கும். குரோமுக்குக் கூகுளின் உதவிப் பக்கத்தில் 'ஆஃப்லைன்' இணைப்பு இருக்கிறது. நிறுவனங்களுக்கான குரோம் எண்டர்பிரைஸ் பக்கத்தில் எம்எஸ்ஐ (விண்டோஸின் இன்ஸ்டால் தொகுப்பு) கோப்பாகவும் கிடைக்கும், ஆய்வகத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன். பழைய விளையாட்டுகளும் சில கல்வி மென்பொருள்களும் கேட்கும் டைரக்ட்எக்ஸுக்கு 'ஜூன் 2010 ரீடிஸ்ட்' என்று ஏறத்தாழ 95 எம்பியில் ஒரு தொகுப்பு உண்டு. அதை ஒரு ஃபோல்டரில் விரித்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்ட வேண்டும்.

இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். குரோம் முழு செட்டப் நூறு எம்பிக்கு மேல். 20 கணினிகள் உள்ள ஆய்வகத்தில் ஆசிரியர் ஒருவர் தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து சின்ன செட்டப்பை ஒவ்வொன்றிலும் ஓட்டினால், அவருடைய தினசரி 2 ஜிபி டேட்டா குரோமிலேயே தீர்ந்துவிடும். முழுக் கோப்பு ஒருமுறை இறங்கினால் போதும்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று தேடினால் முதலில் வரிசைகட்டி வருபவை பெரும்பாலும் மூன்றாம் நபர் தளங்கள். அங்கே கிடைக்கும் கோப்புகளோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வரலாம். குழந்தைகள் பயன்படுத்தும் கணினியில் அதை ஏற்றவே கூடாது. எந்தக் கோப்பை எடுத்தாலும் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியைத் திறந்து, உரிய நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, கையொப்பம் சரி என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சில சின்ன செட்டப்களுக்கு உள்ளேயே 'எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஃபோல்டரில் போடு, இன்ஸ்டால் செய்யாதே' என்று சொல்லும் வசதி இருக்கிறது. அதன் பெயர் லேஅவுட். கமாண்ட் பிராம்ப்டில் செட்டப் கோப்பின் பெயரை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, லேஅவுட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். பைதான் செட்டப் இதை ஏற்கும், கூடுதலாகத் தேவைப்படக்கூடிய எல்லாக் கோப்புகளையும் இறக்கித் தரும். விக்ஸ் என்ற கருவியால் கட்டப்பட்ட செட்டப்கள் பொதுவாக இதை ஏற்கும். பிளஸ் டூ கணினி அறிவியலில் பைதான் இருப்பதால் உங்கள் ஆய்வகத்துக்கு இது நேராகப் பயன்படும். பைதான் நூலகங்களும் வேண்டுமென்றால், நெட் உள்ள கணினியில் 'பிப் இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'பிப் டவுன்லோட்' கொடுத்து ஒரு ஃபோல்டரில் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பைதான் பதிப்பு, ஒரே 64 பிட் அல்லது 32 பிட் இருக்க வேண்டும்.

புரோகிராம் எழுதப் பயன்படும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவுக்கும் லேஅவுட்தான் வழி. 2017 பதிப்பு முதல் அதற்கு ஐஎஸ்ஓ கோப்பு (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக) வருவதில்லை. இங்கே சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு சிறுகோடு போட வேண்டும். எதையும் குறிப்பிடாமல் விட்டால் எல்லா மொழிகளும் எல்லாப் பகுதிகளுமாக 40 ஜிபிக்கு மேல் இறங்கும். அதனால் உங்களுக்கு வேண்டிய பகுதியையும் (சி++ டெஸ்க்டாப் என்றால் அது மட்டும்) ஒரே ஒரு மொழியையும் குறிப்பிட்டு இறக்குங்கள். சேமிக்கும் ஃபோல்டரின் பாதை சின்னதாக, டிரைவின் மேல்மட்டத்திலேயே இருக்கட்டும், பாதை 80 எழுத்துக்கு மேல் போனால் சிக்கல். இறங்கிய ஃபோல்டருக்குள் சர்டிஃபிகேட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நெட்டே பார்க்காத கணினியில் முதலில் அந்தச் சான்றிதழ்களை ஏற்றிவிட்டு அப்புறம் செட்டப்பை ஓட்ட வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால் கோப்புகள் அத்தனையும் சரியாக இருந்தும் இன்ஸ்டால் நின்றுவிடும்.

ஆஃபீஸுக்கு மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் டிப்ளாய்மென்ட் டூல் இருக்கிறது. எந்தப் பதிப்பு, எந்த மொழி என்று ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, முதலில் டவுன்லோட் கட்டளை, பிறகு பள்ளியில் கான்ஃபிகர் கட்டளை. வீட்டு உரிமம் வாங்கியவர்களுக்குக் கணக்குப் பக்கத்திலேயே ஆஃப்லைன் கோப்பு கிடைக்கும். அந்தக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டலாம். பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

டாட்நெட் 3.5 தனிக் கதை. பழைய தமிழ், கணக்கியல் மென்பொருள் பலவும் அதைக் கேட்கும், விண்டோஸ் உடனே நெட்டைத் தேடும். அதை வெளியே தேடி அலைய வேண்டாம். உங்கள் விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவுக்குள் சோர்ஸஸ் என்ற ஃபோல்டரில் எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு உள்ஃபோல்டர் இருக்கிறது, எல்லாம் அங்கேயே உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் டிஸம் (DISM) கட்டளையில் நெட்எஃப்எக்ஸ்3 (டாட்நெட் 3.5-இன் உள்பெயர்) என்ற அம்சத்தை இயக்கச் சொல்லி, மூலமாக அந்த ஃபோல்டரைக் காட்டினால் நெட் இல்லாமலே ஏறிவிடும். கணினியில் இருக்கும் விண்டோஸ் பதிப்பும் ஐஎஸ்ஓவின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முழுக் கோப்பும் இல்லை, லேஅவுட்டும் இல்லை என்றால்? அப்போதும் விட வேண்டாம். இறக்கிய கோப்பை செட்டப் எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும். நெட் உள்ள கணினியில் அதை ஓட்டுங்கள். டவுன்லோட் முடிந்து இன்ஸ்டால் தொடங்கும் நேரத்தில் டெம்ப் (தற்காலிகக் கோப்புகளுக்கான) ஃபோல்டரைத் திறந்து, தேதி வாரியாக அடுக்கி, புதிதாக வந்திருக்கும் எம்எஸ்ஐ, கேப், எக்ஸ்இ கோப்புகளை வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். செட்டப் ஜன்னலை மூடினால் பல மென்பொருள்கள் அவற்றை அழித்துவிடும், அதனால் மூடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். எங்கே எழுதுகிறது என்று தெரியவில்லையா, ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பகுதியைத் திறந்து வைத்தால் கோப்பின் பாதை தெரியும். சி டிரைவில் மறைந்திருக்கும் ப்ரோகிராம்டேட்டாவுக்குள் 'பேக்கேஜ் கேஷ்' ஃபோல்டரையும் பாருங்கள், விக்ஸ் வகை செட்டப்கள் மூலக் கோப்புகளை அங்கே விட்டுவைக்கும். டெம்ப்பில் அவை எழுதும் லாக் கோப்பில், எந்த முகவரியிலிருந்து இறக்கியது என்பதே இருக்கும். அதை பிரவுசரில் போட்டு நேராக எடுத்துவிடலாம்.

எல்லோரும் மறக்கும் ஒன்று டிரைவர்கள். மென்பொருள் இல்லாவிட்டால் மாற்று தேடலாம். பத்து வருடத்துப் பிரிண்டருக்கோ லேன் கார்டுக்கோ டிரைவர் இல்லாவிட்டால் அந்தக் கருவியே வீண். அதிலும் புது பிரிண்டர்களுக்கு இப்போது கணக்குத் திறக்கச் சொல்லும் சின்ன செட்டப்பைத்தான் முன்னால் வைக்கிறார்கள். கணினி நன்றாக ஓடும்போதே, அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, டிஸம் கட்டளையில் எக்ஸ்போர்ட்-டிரைவர் கொடுங்கள். அதில் ஏறியிருக்கும் வெளி டிரைவர்கள் அத்தனையும் ஒரு ஃபோல்டருக்கு வந்துவிடும். விண்டோஸை மீண்டும் ஏற்றியதும் டிவைஸ் மேனேஜரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். ஒரு ஆய்வகத்துக்கு நான் போனால் முதலில் செய்வது இதைத்தான்.

நம்மூர்த் தேவையாக இன்னொன்று: என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களும் பாமினி, வானவில் எழுத்துருக்களும். கோப்புகள் சின்னவை. ஆனால் டிடிபி கடையில் பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் திறப்பது இந்த எழுத்துருக்களை நம்பித்தான். இவற்றை இரண்டு இடத்தில் வையுங்கள்.

சேமித்த பிறகு சோதிக்காமல் எதையும் நம்பாதீர்கள். முழுக் கோப்பு என்று பெயர் இருந்தும் நடுவில் வேறு ஒரு துணைக் கோப்புக்காக நெட்டைத் தேடும் செட்டப்கள் உண்டு. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் புதிதாக விண்டோஸ் ஏற்றி, நெட்வொர்க் அமைப்பில் 'கேபிள் கனெக்டட்' டிக்கை எடுத்துவிட்டு, செட்டப்பை ஓட்டி முடியும்வரை பாருங்கள். உங்கள் சொந்தக் கணினியில் நெட்டை அணைத்துவிட்டு ஓட்டுவது போதாது, தேவையான துணைக் கோப்புகள் அதில் ஏற்கனவே ஏறியிருக்கும்.

தேறியவற்றை மென்பொருள் பெயர், பதிப்பு, 64 பிட்டா 32 பிட்டா என்று ஃபோல்டர் பெயரிலேயே எழுதி வையுங்கள். கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பில், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, எந்த நாள், எந்தக் கட்டளை, முன்னால் எதை ஏற்ற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் சர்ட்யூடில் கட்டளையால் கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து அதில் ஒட்டிவிடுங்கள். பென்டிரைவில் கோப்பு கெட்டுப்போனால் அந்த எண் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

சேமித்தும் பயன்படாமல் போகக்கூடியவையும் உண்டு. ஆஃபீஸ் ஆஃப்லைனில் ஏறினாலும் ஆக்டிவேஷனுக்கு ஒருமுறை நெட் வேண்டும். லாகின் கேட்கும் மென்பொருள்களுக்குக் கோப்பு மட்டும் போதாது. சான்றிதழ் காலாவதி ஆவதும் நடக்கும்: ஆப்பிளின் ஒரு சான்றிதழ் 2019 அக்டோபர் 24 அன்று முடிந்தபோது, பலர் பத்திரமாக வைத்திருந்த பழைய மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்கள் 'சேதமடைந்தது' என்று சொல்லி நின்றன. கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி ஏற்ற வேண்டியிருந்தது. உரிமத்தையும் படியுங்கள். உங்கள் ஆய்வகத்துக்கு வைத்துக்கொள்ள அனுமதி இருந்தாலும், அடுத்த பள்ளிக்குக் காப்பி கொடுக்கச் சில மென்பொருள்களுக்கு அனுமதி இருக்காது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் ஆய்வகத்தில் அதுதான் ஓடுகிறது என்றால் இந்த வரிசையில் தொடங்குங்கள்: முதலில் டிரைவர்களை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அடுத்து அதே பதிப்பு விண்டோஸ் ஐஎஸ்ஓ, பிறகு டாட்நெட் 4.8 ஆஃப்லைன், அதன்பின் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் முழு செட்டப், கடைசியாகப் பைதான் லேஅவுட். இவற்றில் ஏதாவது ஒன்று நடுவில் நின்றால், திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.