வைக்கோல் வாடையும் கூழாகும் பொரியலும்

கேள்வி: தை மாதத்தில் பச்சை மொச்சை மலிவாகக் கிடைத்தபோது மூன்று கிலோ வாங்கி உரித்து, நறுக்கிய கொத்தவரங்காயுடன் தனித்தனிப் பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்துச் சமைத்தபோது மொச்சையில் வைக்கோல் போன்ற வாடை வந்தது. கொத்தவரங்காய்ப் பொரியல் கூழாகிவிட்டது. கடையில் வாங்கும் உறைந்த பட்டாணியில் இந்தக் குறைகள் இல்லையே, ஏன்?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: இவை வெவ்வேறு காரணங்களால் வந்த இரு குறைகள். வாடைக்குக் காரணம் காய்க்குள் இருக்கும் நொதிகள். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக் குளிர் அவற்றின் வேலையை மந்தமாக்குமே தவிர, நிறுத்திவிடாது. ஆகவே உறைய வைப்பதற்கு முன் கொதிநீரில் போட்டு எடுப்பது அவசியம். அரைக் கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீராவது தளதளவென்று கொதிக்க வேண்டும். காயைப் போட்டதும் அடங்கும் கொதி மீண்டும் எழுந்த பிறகு, மொச்சைக்கும் கொத்தவரங்காய்க்கும் மூன்று நிமிடம் கணக்கிட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் அதே அளவு நேரம் ஆற வைத்து, துணியில் ஈரம் போக உலர்த்துங்கள். கொதிநீரில் வைட்டமின் சி ஓரளவு கரைந்து போகும் என்பது உண்மைதான். ஆனால் இதைச் செய்யாமல் சேமித்தாலும் அது மாதக்கணக்கில் குறைந்துகொண்டேதான் வரும். உலர்ந்த காயைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, உறைந்த பின் பையில் இட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டினால் கட்டியாக ஒட்டிக்கொள்ளாமல் வேண்டிய அளவு எடுக்கலாம்.

கூழாவதற்குக் காரணம் தண்ணீர். காயின் செல்களில் உள்ள நீர் மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்களாகி, செல்சுவர்களைக் கிழித்துவிடுகிறது. தொழிற்சாலையில் கடுங்குளிர்க் காற்றை வீசிப் பட்டாணியைச் சில நிமிடங்களில் உறைய வைப்பதால் படிகங்கள் நுண்ணியவையாக இருக்கின்றன. வீட்டு ஃப்ரீசரில் அந்த வேகம் கிடைக்காது. எனவே சமையலைத்தான் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். மொச்சையை வெளியில் வைத்து உருகவிடாமல், கொதிக்கும் புளிக்குழம்பில் நேரே போட்டு நன்றாக வேகவிடுங்கள். குழம்பு எந்தக் குறையையும் மன்னித்துவிடும். பொரியல் அப்படியன்று. அகன்ற இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்கு காய்ந்த பிறகு, உறைந்த கொத்தவரங்காயைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, மூடாமலும் தண்ணீர் தெளிக்காமலும் பெருந்தீயில் வதக்கி, உப்பைக் கடைசியில் சேருங்கள். என்னைக் கேட்டால், உறைந்த கொத்தவரங்காய்க்குப் பருப்பு உசிலியே பொருத்தம். ஆவியில் வேகவைத்து உதிர்த்த பருப்பு, காய் விடும் நீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: மழைக்காலத்தில் முருங்கைக்காய் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. கோடையில் வாங்கி உறைய வைக்கலாமா? வெண்டைக்காய், சுரைக்காய்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: முருங்கைக்காய் தாராளமாக ஏற்றது. முற்றாத காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, மேற்சொன்னபடி இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பாதி வெந்திருப்பதால், சாம்பாரில் பருப்பும் புளித்தண்ணீரும் சேர்ந்து கொதித்த பிறகே அதைப் போட வேண்டும்; போட்ட பின் கரண்டியால் அதிகம் கிளறினால் சதை பிரிந்து நார்தான் மிஞ்சும். வெண்டைக்காயைப் பச்சையாக உறைய வைத்தால் கொழகொழப்பு மிகும் என்பதால், நறுக்கி எண்ணெயில் வழுவழுப்பு அடங்கும்வரை வதக்கி, ஆறிய பின் வையுங்கள். சுரைக்காயும் வெள்ளரியும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நீண்ட நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் ஃப்ரீசரில் உள்ள காய்களை என்ன செய்வது?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கதவைத் திறக்காதீர்கள். நிறைந்திருக்கும் தனி ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும்; குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டுச் சிறு அறைக்கு இவ்வளவு தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது. மின்சாரம் வந்ததும் காயில் பனித்துகள் இன்னும் இருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம், ஆனால் இன்னும் குழைவாகும் என்பதால் குழம்புக்கே பயன்படுத்துங்கள். முழுவதும் உருகி, குளிர்ச்சி போய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் கொட்டிவிடுங்கள்.