அறுந்த வால் துடித்தது ஏன்? பல்லி பிழைக்குமா?

வணக்கம் சகோதரி. கதவிடுக்கில் மாட்டிய பல்லியின் வால் அறுந்து தரையில் தனியாகத் துள்ளியதைப் பார்த்து மகள் இரவெல்லாம் அழுதாள், பல்லி செத்துப்போகுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கதவு வாலை வெட்டியது என்பதைவிட, பல்லியே அதைக் கழற்றிவிட்டது என்பதுதான் சரி.

வாலெலும்புகளில் பலவற்றின் குறுக்கே பிறவியிலேயே ஒரு பலவீனமான கோடு இருக்கும். ஆபத்து என்றால் தசையை இறுக்கி அந்த இடத்தில் முறித்துக்கொள்ளும். இரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுவதால் இரத்தம் அதிகம் போகாது. வால் துடித்தது வலியால் அல்ல என்று மகளிடம் சொல்லுங்கள். அதிலிருக்கும் நரம்புகளுக்கு மூளையின் கட்டளையே தேவையில்லை, சில நிமிடம் தாமாகவே இயங்கும். பூனை அந்த வாலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி டியூப்லைட்டுக்குப் பின்னால் போயிருக்கும்!

நஷ்டம் இல்லாமல் இல்லை. வாலில்தான் கொழுப்பைச் சேமிக்கிறது, அது போயிற்று. சில வாரங்களில் புது வால் வளரத் தொடங்கும். ஆனால் உள்ளே எலும்பு இருக்காது, ஒரே குருத்தெலும்புக் குழாய்தான். நிறமும் சற்று மாறியிருக்கும். குருத்தெலும்பில் அந்த முறிகோடுகள் கிடையாது. எனவே அடுத்த முறை கழற்ற வேண்டுமானால் உடம்புக்கு இன்னும் நெருக்கமாக, மிச்சமுள்ள பழைய எலும்பில்தான் முறிக்க முடியும்.

மருந்து எதுவும் போட வேண்டாம், பிடிக்கவும் முயல வேண்டாம். வாலை எடுத்துப் போட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது, ஆனால் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.