குழந்தைகள் ஓ.பி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: காலை ஓ.பி.யில் நிற்க இடமில்லை. என் பின்னால் பத்து மாணவர்கள். இந்த நெரிசலில் எதைக் கற்றுத்தர முடியும்? (உதவிப் பேராசிரியர்)

பதில்: முதலில் அந்தக் கூட்டத்தைப் பிரித்துவிடுங்கள். இருவர் எடை பார்க்கட்டும், இருவர் மூச்சு எண்ணட்டும், இருவர் தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்கட்டும். ஒருவர் தாயிடம் விவரம் கேட்கட்டும். மற்ற மூவர் உங்களோடு இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

விவரம் கேட்டவர் வந்து சொல்லும்போது நோயின் பெயர் உங்கள் வாயிலிருந்து முதலில் வரக்கூடாது. நேரம் போகிறதே என்று ஆசிரியரே முடிவைச் சொல்லிவிடுவதுதான் ஓ.பி.யில் நடக்கும் பெரிய தவறு. மாணவர் எழுதிக்கொள்வார், யோசித்திருக்க மாட்டார். 1992-ல் அமெரிக்க மருத்துவர் நெஹர் குழுவினர் வெளியிட்ட ஐந்து படிக் கற்பித்தல் முறை இதற்கு நன்றாக உதவும். எட்டு மாதக் குழந்தை, மூன்று நாள் இருமல் என்று வைத்துக்கொள்வோம். "உனக்கு என்னவென்று தோன்றுகிறது?" என்று கேளுங்கள். "நிமோனியா" என்றால், "எதை வைத்துச் சொல்கிறாய்?" "மூச்சு நிமிடத்துக்கு 54." அடுத்து ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: இந்த வயதில் 50-ஐத் தொட்டாலே வேகமூச்சு. பிறகு சரியாகச் செய்தது எது என்று குறிப்பாகச் சொல்லி, விட்டுப்போனதைத் திருத்துங்கள்: "பால் குடிக்கிறதா என்று கேட்கவில்லையே." வெறும் "குட்" போதாது. மருந்தளவில் பிழை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மற்றவற்றைத் தாய் போனபின் பேசலாம்.

கேள்வி: ஒரே குழந்தையின் மூச்சை இரண்டு மாணவர்கள் நிமிடத்துக்கு 40, 52 என்று எண்ணுகிறார்கள். ஏன்?

பதில்: பெரும்பாலும் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருப்பார்கள், ஒரு மூச்சு தப்பினால் நான்கு தப்பும். அல்லது குழந்தை அழுதிருக்கும். தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஸ்டெதாஸ்கோப் வைக்காமல், முழு 60 விநாடி பார்த்து எண்ண வேண்டும். இருவரும் தனித்தனியாக எண்ணி எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடட்டும். வேகமூச்சுக்கான எல்லைகள்: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. 2 மாதத்துக்குள் 60-ஐத் தொட்டால் மறுபடி எண்ணியே ஆக வேண்டும். அந்த வயதில் மூச்சு சீராக இருக்காது.

கேள்வி: நான் தொட்டாலே குழந்தை அழுகிறது. (இறுதியாண்டு மாணவி)

பதில்: வரிசையை மாற்றுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பது, மூச்சு எண்ணுவது, இதயமும் நுரையீரலும் கேட்பது, வயிறு, கடைசியாகத்தான் காதும் தொண்டையும். காது பார்க்கும்போது தாய் ஒரு கையால் தலையைத் தன் மார்போடும் மறு கையால் குழந்தையின் கைகளையும் அணைத்துக்கொள்ளட்டும். சின்னக் குழந்தைக்குக் காதுமடலைக் கீழ்நோக்கிப் பின்னால் இழுங்கள்.

கேள்வி: ஹவுஸ் சர்ஜன்கள் காய்ச்சலுக்கு "பாராசிட்டமால் 5 மில்லி" என்றே எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: மில்லிகிராம் எழுதாத சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. அது 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மில்லி. மில்லிக்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸில் 1.5 மில்லி. வெறும் "5 மில்லி" என்று எழுதி, வீட்டில் இருந்த டிராப்ஸைத் தாய் கொடுத்துவிட்டால் 500 மி.கி. போய்விடும். வயதை வைத்துக் கணக்கிடுவதையும் விடச் சொல்லுங்கள். ஒரு வயதில் 7 கிலோ குழந்தையும் உண்டு, 11 கிலோ குழந்தையும் உண்டு. மாணவரே சிரிஞ்சில் அளந்து தாயிடம் காட்டட்டும்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல் பற்றி மாணவர் தாய்க்குச் சரியாகச் சொன்னாரா என்று எப்படி அறிவது?

பதில்: மாணவரைக் கேட்காதீர்கள். "வீட்டில் எப்படிக் கலக்குவீங்கம்மா?" என்று தாயைக் கேளுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டுவதாகச் சொன்னால் மாணவர் மறுபடி சொல்லித்தர வேண்டும். அந்த அடர்த்தியில் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.